பனியன் முகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

ஏப்ரல் மாதம் வந்தால் போதும், கோயமுத்தூரில் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் சிலருக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்துவிடுகிறது. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ஒரு ராக் பாடகர் புகழின் உச்சியில் தன்னையே முடித்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் எங்கே இருந்தேன், என்ன சட்டை போட்டிருந்தேன், எப்படித் தேம்பினேன் என்று போனில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். போன ஏப்ரலிலும் ஒருவன் எழுதியிருந்தான். எங்கள் கல்லூரி இசைக்குழுவில் பாடியவன். ‘அன்றைக்கு நாங்கள் நான்கு பேரும் ஓருயிராக இருந்தோம்’ என்று முடித்திருந்தான். எண்ணிக்கை மட்டும் சரி. அந்த நாலாவது ஆள் நான்தான். ஓருயிராம். படித்ததும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அன்னூரிலிருந்து வடக்கே போகிற சாலையில் எங்கள் ஊர். பாடகனின் அப்பாவுக்கு அங்கே கிணற்றோடு பெரிய தோட்டம், கோயமுத்தூரில் மோட்டார் பம்புக்கான பாகங்கள் வார்க்கிற பட்டறை. ஊரில் அவரைப் பண்ணாடி என்பார்கள். நிலத்துக்காரரை நிலத்தில் வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். என் அப்பா அந்தத் தோட்டத்தில் பதினெட்டு வருடம் தண்ணீர் கட்டியவர். நான் பத்தாவது தேறியதும் அதை விட்டுவிட்டு ஒரு நூல் மில்லில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். வேலையைத்தான் விட்டார். பண்ணாடி ஆள் விட்டால் போய் நிற்கிற பழக்கத்தை விடவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஓடு போட்ட சின்ன சர்ச் உண்டு. பாட்டுக் குழுவில் கிடார் வாசித்த அண்ணன் வேலை கிடைத்து ஓசூர் போனபோது, கிடார் பீரோவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. நான் எடுத்துத் துடைத்தேன். யாரும் கற்றுத்தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசித்து வாசித்து விரல் பழகியது. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், கேன்டீன் பின்னால் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுத்தான் பாடகன் என்னைத் தேடி வந்தான். ஒரே ஊர்க்காரர்கள் நாங்கள். அதுவரைக்கும் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த இசை எங்களிடம் வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டையும் பட்டியலையும் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். கேபிள் டிவியில் அப்போதுதான் வெளிநாட்டுப் பாட்டுச் சேனல் ஒன்று தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் முகங்களை நாங்கள் முதலில் பார்த்தது பனியனில். எங்கள் டிரம்மரின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். வெளிநாட்டு ராக் குழுக்களின் படம் அச்சடித்த பனியன்கள் அங்கிருந்து கப்பல் ஏறும். தையல் கோணியது, மசி ஒழுகியது எல்லாம் கழித்துப் போட்டதில் கிடக்கும். டிரம்மர் பை நிறையக் கொண்டுவருவான். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய அந்தப் பாடகர் எங்கள் கைக்கு வந்தபோது அவருக்கு இடது கண் பாதிதான் இருந்தது.

பேஸ் கிடார் வாசித்தவன் ஆர்.எஸ்.புரத்துக்காரன், வக்கீல் வீட்டுப் பையன். பாடகனுக்குச் சுருதி என்பது எட்டாத தூரம். ஆனால் மைக் அவனுடையது, ஆம்ப்ளிஃபயர் அவனுடையது, இடம் அவன் அப்பாவுடையது. ஆகவே அவன் பாடகன். மெட்ராஸில் வாங்கிய எலெக்ட்ரிக் கிடாரும் அவனுடையதுதான். அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் நான் உள்ளே இருந்தேன்.

தோட்டத்து மோட்டார் ரூமில்தான் பயிற்சி. த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துவிட்டால் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும், அதோடு எங்கள் கச்சேரி முடிந்தது. அது வருகிற நேரத்துக்கு முன்னால், லைட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸிலேயே வாசித்துத் தீர்க்க வேண்டும். மற்ற மூன்று பேரும் தோட்டத்து வீட்டு வாசல் வழியாகப் பலகாரம் தின்றுவிட்டு வருவார்கள். நான் வாய்க்கால் வரப்பு வழியாக வருவேன். அப்படி வரச்சொல்லி யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

பிறகு ஏன் போனாய் என்று என் மனைவியே கேட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்துக்காகப் போனேன். ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பெடலை மிதித்துக் கம்பிகளைச் சேர்த்து இழுத்து விட்டால் மோட்டார் ரூமின் தகரம் அதிரும், கிணற்றுக்குள்ளிருந்து புறா கிளம்பும். வாசிப்பது எந்தத் தெருப் பையன் என்று அந்தச் சத்தம் கேட்காது. அப்படித்தான் நான் நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இந்தக் குழுவில் நானும் ஒருவன் என்று எங்காவது எழுத்தில் இருக்க வேண்டும். கல்லூரி விழாவில் வாசித்தபோது நோட்டீஸ் போர்டில் பாடகன் பெயரை எழுதி ‘மற்றும் குழுவினர்’ என்று போட்டிருந்தார்கள். ‘மற்றும்’ ஆக இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவன் பேஸ்காரன். அவன் வீட்டில்தான் கேபிள். பகல் பதினொரு மணி வெயிலில் ஸ்கூட்டரை வரப்பு வரைக்கும் ஓட்டிவந்து நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே, ‘செத்துட்டாருடா, தானே சுட்டுக்கிட்டாராம்’ என்றான். பாடகன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதான். அந்த ஏப்ரல் வெயிலிலும் கம்பளி மாதிரிக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், அமெரிக்காக்காரர் அப்படித்தான் போடுவார் என்று. டிரம்மரும் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. உலகத்தில் பாதிப் பேர் அந்த ஆளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேண்டும் என்று இருந்தது. பத்தொன்பது வயதில் எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் பாடகன் சொன்னான்: "சும்மா உடக்கூடாதுடா. போஸ்டர் அடிச்சுப் போடலாம்."

எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் உடலை எடுப்பதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவருக்கு வந்துவிடும். மேலே கொட்டை எழுத்து, நடுவில் படம், கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்ப் பட்டியல். செத்தவரின் பெயரைவிடக் கீழே இருக்கிற பெயர்களைத்தான் ஊர் கவனித்துப் படிக்கும். யார் பெயர் முதலில், யார் பெயர் விட்டுப் போயிற்று என்று ஒரு மாதம் பேசுவார்கள். அமெரிக்கப் பாடகருக்கு அன்னூர்ப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி என்றதும் எல்லோருக்கும் துக்கம் போய் உற்சாகம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். ‘எங்கள் உயிரினும் மேலான அண்ணன் அகால மரணமடைந்தார்’ என்று எழுதினேன். அவருடைய பிறந்த தேதி யாருக்கும் தெரியாததால் அதை விட்டுவிட்டோம். பெயரை ஆங்கிலத்தில்தான் போட வேண்டும், தமிழில் போட்டால் அசிங்கம் என்றான் பாடகன். படத்துக்கு டிரம்மரின் கழிவுப் பனியனையே கொடுப்பதென்று முடிவாயிற்று. அதைப் போட்டோ எடுத்து அச்சுக்குப் பிளாக் செய்துகொள்வார்கள். கடைசியில் ‘கண்ணீருடன்’ என்று எழுதி நான்கு பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். என் பெயரை நாலாவதாகத்தான் எழுதினேன். முதலாவதாக எழுதுகிற திமிர் எனக்கு அப்போது இல்லை. ஊரில் ஒட்டுவதால் அடியில் தோட்டத்தின் பெயரும் இருக்கட்டும் என்றான் பாடகன். அதையும் எழுதினேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன்தான் பிரஸ்ஸுக்குப் போனான். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. என் பெயர் அச்சில் வரப்போகிறது என்று வீட்டில் சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் பிரஸ் வாசலில் போஸ்டர் கட்டைப் பிரித்தேன். மசி வாசனை. மூன்று பெயர்கள் இருந்தன.

நான் கேட்பதற்கு முன்னாலேயே பாடகன் சொல்லிவிட்டான். "எடம் பத்தலீன்னு பிரஸ்காரரு எடுத்துப்போட்டாருடா." என் முகத்தைப் பார்க்காமல் பைக்கின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

மூன்று பெயர்களுக்கும் தோட்டத்துப் பெயருக்கும் நடுவில், என் பெயரையும் என் அப்பா பெயரையும் சேர்த்துப் போடுகிற அளவுக்கு வெள்ளையாக இடம் கிடந்தது. நான் அந்த இடத்திலேயே அவன் சட்டையைப் பிடித்தேன் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? பிடிக்கவில்லை. மைதா பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி என்று ஊரில் பதினோரு சுவர்களில் என் பெயர் இல்லாத போஸ்டரை என் கையாலேயே தடவி ஒட்டினேன். சுருக்கம் விழாமல் ஒட்டினேன். அவன்மேல் இருக்கிற ஆத்திரத்தில் பாதி என்மேல் இருப்பது இதனால்தான்.

மறுநாள் காலை ஊர் அந்தப் போஸ்டரைப் படித்தது. ஆங்கிலப் பெயரைப் பெரும்பாலானவர்கள் படிக்கவில்லை. பனியனிலிருந்து பிளாக்காகி, பிளாக்கிலிருந்து தாளுக்கு வந்ததில் படம் வெறும் கறுப்புப் புள்ளிகளாகியிருந்தது. வெள்ளைக்காரன் என்று அவர் அம்மா வந்து சொன்னாலும் நம்ப முடியாது. தோள் வரைக்கும் முடி, தாடி, பாதிக் கண். கீழே பண்ணாடி மகனின் பெயர், அதற்கும் கீழே தோட்டத்தின் பெயர். பண்ணாடிக்கு ஒரு தம்பி இருந்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவர். வடக்கே சாமியாராகத் திரிகிறார் என்று ஒரு பேச்சு உண்டு. ஊருக்கு வேறென்ன வேண்டும்? சாமியார் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இது எதுவும் தெரியாமல் நான் பத்து மணிக்கு வழக்கம்போல் வரப்பு வழியாகப் போனேன். தோட்டத்து வீட்டு முன்னால் ஒரே கூட்டம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ அதற்குள் நாற்காலி இறக்கியிருந்தார்கள். சாவு வீட்டில் அடிக்கிற தப்பட்டைக்கு ஆள் சொல்ல ஒருவர் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் போயிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அடிப்பதற்கு எங்கள் தெரு வேண்டும். அச்சடிப்பதற்கு வேண்டாம். அங்கே நின்றபோது எனக்கு முதல்முறையாக அது வார்த்தை வார்த்தையாகத் தெரிந்தது.

பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்த பண்ணாடியின் தங்கைக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். அந்த அம்மா காரிலிருந்து இறங்கும்போதே தலைமுடி அவிழ்ந்திருந்தது. "என்ற அண்ணன ஒருக்கா கண்ணுல காட்டாமயே அனுப்பிப்போட்டீங்களே" என்று மண்ணில் விழுந்து புரண்டார். பாடகனின் அம்மா விஷயம் புரியாமல் தானும் சேர்ந்து அழுதார். பாடகனும் டிரம்மரும் பேஸ்காரனும் மாட்டுத் தொழுவத்து ஓரமாக வெளிறிப்போய் நின்றார்கள். ஒருவனாவது வாயைத் திறந்து அது அமெரிக்காக்காரர் என்று சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. இதில் மட்டும் நாங்கள் நான்கு பேரும் ஓருயிர்தான்.

பட்டறையிலிருந்து பண்ணாடி வந்து சேர்ந்தபோது நண்பகல். தங்கை மண்ணில் கிடப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். அவர் முகம் அப்படியே இடிந்துபோயிற்று. அந்த ஒரு நிமிடம் அவர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அதோடு சரி.

யாரோ போஸ்டரைப் பிய்த்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். படித்தார். மகனைக் கூப்பிட்டார்.

"இது யார்ரா?"

"அமெரிக்காவுல பாட்டுப் பாடறவருங்கப்பா."

மண்ணில் கிடந்த தங்கை எழுந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என்ற அண்ணன்?" என்று கேட்டார். பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு இருமுவது போல் நடித்தார். பண்ணாடிக்கு அது போதுமாக இருந்தது.

"எவன்றா இத எழுதுனது?"

போஸ்டரில் மூன்று பெயர்கள் கொட்டை எழுத்தில் இருந்தன. மூன்று பேரும் அவர் கண் முன்னால் நின்றார்கள். பாடகன் கையை நீட்டி, வரப்பில் நின்ற என்னைக் காட்டினான்.

"அவந்தானுங்கப்பா எழுதுனான். அவன் எழுத்துத்தான். அவம் பேரயும் நம்ம பேருக்குக் கீழ எழுதியிருந்தானுங்க. நாந்தான் பிரஸ்ஸுல அத எடுத்துப்போடச் சொன்னனுங்க."

நல்ல மார்க் வாங்கிய பையன் சொல்வது போல் சொன்னான். பண்ணாடி என்னைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். "அந்த ஒரு காரியமாச்சும் புத்தியோட செஞ்சியே" என்றார்.

என் தோளில் அவனுடைய கிடார் தொங்கியது. முந்தின நாள் கம்பி மாற்றுவதற்காக எடுத்துப் போயிருந்தேன். அதை வரப்பிலேயே வைத்தேன். வாய்க்காலில் வீசவில்லை, பத்திரமாகத்தான் வைத்தேன். அதற்கும் இன்றைக்கு வரைக்கும் வருத்தப்படுகிறேன். அதற்குப் பிறகு நான் அந்த மோட்டார் ரூமுக்குப் போகவில்லை, அவன் முகத்தில் விழிக்கவும் இல்லை.

"உங்கொப்பன வரச்சொல்றா" என்றார் பண்ணாடி.

அப்பா இரவு ஷிப்ட் முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தோட்டத்துக்கு வந்து, இருபதடி தள்ளி நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பண்ணாடி அதிகம் திட்டவில்லை. திட்டுவதற்கு அவசியமில்லாத குரலில் பேசினார். "பொழுதுக்குள்ள ஊருல ஒரு போஸ்டர் இருக்கக்கூடாது. சொரண்டிப் போடு. உன்ற பையனுக்குக் கொஞ்சம் சொல்லி வெய்யி." மூன்று பெயர்க்காரர்களில் இரண்டு பேர் அதற்குள் ஸ்கூட்டரில் ஊர் திரும்பியிருந்தார்கள். மூன்றாவது ஆள் வீட்டுக்குள் சாப்பிடப் போயிருந்தான்.

"சரிங்க" என்றார் அப்பா.

வாளியும் தகரச் சுரண்டியும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்தோம். நான் நன்றாக ஒட்டியிருந்ததால் காகிதம் லேசில் வரவில்லை. அப்பா துணியை நனைத்துப் போஸ்டர் முழுக்க ஒற்றி எடுத்தார். பசை ஊறுவதற்குக் காத்திருக்கிற நேரத்தில் விரலை வைத்துப் படித்தார். சர்ச்சில் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பில் படிக்கப் பழகியவர் அவர். வாய்விட்டுத்தான் படிப்பார். கண்ணீர் அஞ்சலி என்று படித்தார். ஆங்கிலத்தைத் தாண்டினார். முதல் பெயர், இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். விரல் வெள்ளை இடத்தில் வந்து நின்றது.

"உம் பேரு எங்க கண்ணு?"

"இல்லீங்கப்பா."

அவர் சுரண்ட ஆரம்பித்தார்.

ரேஷன் கடைச் சுவரிலும் நனைத்துவிட்டு விரலை வைத்தார். மூன்று பெயர்களையும் படித்தார். பள்ளிக்கூடத்துச் சுவரிலும் படித்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், சாமியாருக்குக் கருமாதிச் சாப்பாடு எப்போது என்று ஒருவர் கேட்டார். அப்பா காதில் வாங்கவில்லை. ஐந்தாவது சுவரில் எனக்குப் பொறுக்கவில்லை. கத்திவிட்டேன்.

"எல்லாம் ஒரே அச்சுங்கப்பா. ஒண்ணுல இல்லீன்னா எதுலயுமே இருக்காதுங்க."

"தெரியும்" என்றார். ஆறாவது சுவரிலும் படித்தார்.

கடைசி போஸ்டர் பால் சொசைட்டிச் சுவரில் இருந்தது. பால் ஊற்ற வந்தவர்கள் கேனோடு வரிசையில் நின்றார்கள். அப்பா அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நனைத்தார். பசை ஊறட்டும் என்று நின்றார். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். வெள்ளை இடத்தில் விரல் கொஞ்ச நேரம் இருந்தது.

"உம் பேரு இருந்திருந்தா, இந்த ஒண்ணு மட்டும் கிழியாம எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாம்" என்றார். பிறகு சுரண்டியை எடுத்தார்.